45 நாள் குழந்தை, இடது கிட்னில வீக்கம், எம்சியு எடுக்கச் சொல்றாங்க. எடுத்தவங்க யாராவது சொல்லுங்களேன்

மல்லிகைப்பந்தல் (திண்டுக்கல்)

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா எழுதுறேன், நீளமாயிடுச்சுன்னா மன்னிச்சுக்கோங்க, பையன ஒரு தோள்ல போட்டுட்டு ஒத்தக் கையால டைப் பண்றேன்.

அஞ்சாம் மாசம் அனாமலி ஸ்கேன்லயே இடது கிட்னில 5 மில்லிமீட்டர் விரிஞ்சிருக்கு, பாத்துக்கலாம்னாங்க. எட்டாம் மாசம் பாத்தா 11. பொறந்து மூணாம் நாள் எடுத்ததுல 8 தான் இருந்துச்சு, அப்பாடா குறைஞ்சிருச்சுன்னு அழகர்கோயிலுக்கு வேண்டிக்கிட்டதெல்லாம் பண்ணியாச்சு. இப்ப ஆறு வாரம் முடிஞ்சு எடுத்தா 17ன்னு வருது. ரிப்போர்ட்ல எஸ்எஃப்யு கிரேடு 3 (விரிவு எவ்வளவுன்னு 0ல இருந்து 4 வரைக்கும் போடறதாம்), வலது கிட்னி நார்மல், யுரேட்டர் (கிட்னில இருந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாய்) தெரியல, மூத்திரப்பை நார்மல்னு போட்டிருக்கு. குழந்தைகள் சர்ஜன்கிட்ட போனோம், முதல்ல எம்சியு, அதாவது மூத்திரப்பைக்கு ட்யூப் விட்டு எடுக்கற எக்ஸ்ரே, அப்புறம் ஈசி ஸ்கேன், அதாவது ஊசி போட்டு கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கறதுன்னு ரெண்டு எழுதிக் குடுத்துட்டாரு. கூட்டம் ஜாஸ்தி, ரெண்டு நிமிஷம்தான் பேசினாரு, வெளிய வந்தப்புறம்தான் எனக்கு கேள்வியே வருது.

8 எப்படி 17 ஆச்சு, நான் ஏதாச்சும் தப்பா பண்ணிட்டேனா? ஸ்கேன்லதான் எல்லாம் தெரியுதே அப்புறம் எதுக்கு ட்யூப் விட்டு எக்ஸ்ரே? பையன் நல்லா பால் குடிக்கிறான், யூரின் நல்லா போறான், காய்ச்சல் எதுவும் இல்ல. பச்சை உடம்புக்கு எக்ஸ்ரே காட்டினா பின்னாடி ஏதாவது ஆகும்னு எங்க அத்தை ஒரே அழுகை, வீட்டுக்காரர் ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு. வர்ற வியாழக்கிழமை டேட் குடுத்திருக்காங்க. போகவா வேண்டாமா?

காவேரிக்கரையான் (திருச்சி)

சிஸ்டர் பயப்படாதீங்க, நாங்க இந்த ரோட்டுல முழுசா போயிட்டு வந்தவங்க. என் பையனுக்கும் இடதுதான், இது பசங்களுக்கு அதுவும் இடது பக்கம்தான் ஜாஸ்தி வரும்னு எங்க டாக்டர் சொன்னாரு. இப்ப அவனுக்கு நாலு வயசு, வீட்டுச் சுவர்ல ஒரு இடம் பாக்கி இல்லாம கிறுக்கி வச்சிருக்கான்.

எம்சியுல என்ன பண்ணுவாங்கன்னா, மூத்திரம் போற வழியா ரொம்ப மெல்லிசா ஒரு ட்யூப், நம்ம என்ஐசியுல பால் குடுக்க மூக்குல விடுவாங்கல்ல அந்த சைஸ் ட்யூப்தான், அத மூத்திரப்பை வரைக்கும் விட்டு ஒரு டை மருந்த சொட்டு சொட்டா இறக்குவாங்க, பை ரொம்பினதும் குழந்தை தானா ஒண்ணுக்குப் போவான், அந்த நேரத்துல படம் எடுப்பாங்க, அவ்ளோதான். ட்யூப் விடும்போது அழுவான், சும்மா சொல்லக்கூடாது நல்லாவே அழுவான். என் பொண்டாட்டி வெளிய நின்னு அழுதுட்டா, நான்தான் கதிர் படாம இருக்க ஈய ஏப்ரன் மாட்டிட்டு உள்ள நின்னு கைய புடிச்சுக்கிட்டேன். மொத்தமே இருபது நிமிஷம் இருக்கும். மயக்க மருந்தெல்லாம் குடுக்கல, தூங்கிட்டா ஒண்ணுக்கு ஒழுங்கா போக மாட்டான்ல, அதான்.

ஒரு விஷயம் மட்டும் சொல்றேன், நாங்க முதல்ல போன ஒரு சென்டர்ல குழந்தைக்குப் போடற ட்யூபே இல்ல, பெரியவங்க ட்யூப எடுத்துட்டு வந்தாங்க, நான் சண்டை போட்டுட்டு திரும்பி வந்துட்டேன். குழந்தைங்களுக்கு தினமும் எடுக்கற இடமா பாத்துப் போங்க. காசு அம்பதோ நூறோ கூட ஆனாலும் பரவால்ல.

நாட்டுமருந்து_நண்பன்

அக்கா தயவுசெஞ்சு எடுக்காதீங்க. நூத்துக்கு முக்காவாசி இது தானா சரியாயிடும், கூகுள் பண்ணிப் பாருங்க. ஸ்கேன் சென்டருக்கும் டாக்டருக்கும் கமிஷன். வாழைத்தண்டு சாறு, சிறுநெருஞ்சி கஷாயம் ரெண்டு சங்கு குடுத்தா பத்து நாள்ல வீக்கம் வடிஞ்சுடும், எங்க ஊர்ல ரெண்டு குழந்தைக்கு நானே பாத்திருக்கேன்.

லெட்ஏப்ரன் (ஈரோடு)

ஏனுங்க நண்பரே, ஒன்றரை மாசக் குழந்தைக்கு தாய்ப்பால தவிர தண்ணியே குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டிருக்காங்க, நீங்க கஷாயம்ங்கறீங்க. தானா சரியாகறது நிறைய இருக்குங்க, இல்லைங்கல. ஆனா எது தானா சரியாகும் எது ஆகாதுன்னு பிரிச்சுப் பாக்கத்தானுங்க இந்த டெஸ்ட்டே.

மல்லிகைப்பந்தல் சிஸ்டர், நான் அரசு ஆஸ்பத்திரில ரேடியோகிராபரா 14 வருஷமா இருக்கறேன், வாரத்துல ரெண்டு மூணு எம்சியு பாப்பேன். டாக்டர் சொல்ல வேண்டியத நான் சொல்லப் போறதில்ல, என் ரூம்ல நடக்கறத மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த 8, 17 விஷயம். நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க. பொறந்த ஒண்ணு ரெண்டு நாளைக்கு குழந்தைக்கு யூரினே கம்மியாத்தான் உற்பத்தியாகும். வாய்க்கால்ல தண்ணி வந்தாத்தானே எங்க கட்டி நிக்குதுன்னு தெரியும்? காஞ்ச வாய்க்கால பாத்து அடைப்பே இல்லைன்னு சொல்ற மாதிரிதான் அந்த முதல் ஸ்கேன். அதனாலதான் அவசரக் கேஸ் இல்லாட்டி 48 மணி நேரம் தாண்டி, முடிஞ்சா முதல் வாரக் கடைசில எடுக்கச் சொல்றாங்க, அது நார்மலா வந்தாலும் 4ல இருந்து 6 வாரத்துல இன்னொண்ணு கட்டாயம் எடுக்கணும்ங்கறாங்க. இன்னொன்னு, மூத்திரப்பை ரொம்பியிருக்கும்போது எடுத்தா கிட்னி விரிவு ஜாஸ்தி காட்டும், காலியா இருக்கும்போது கம்மியா காட்டும். அடுத்த தடவ போகும்போது பழைய ரிப்போர்ட் மட்டும் இல்ல, ஃபிலிமையும் கொண்டு போங்க, முடிஞ்சா அதே இடத்துல எடுங்க.

ரேடியேஷன். உங்க அத்தை பயப்படறது தப்பில்லீங்க, குழந்தை உடம்புக்கு நம்மள விட ஜாக்கிரதை வேணும்தான். அதுக்குத்தான் 2008ல இருந்து இமேஜ் ஜென்ட்லின்னு உலகம் பூரா ஒரு பிரசாரமே ஓடுது, பெரியவங்களுக்கு வைக்கற டோஸ குழந்தைக்கு வைக்காதேங்கறதுதான் அதோட சாரம். நாம சும்மா வீட்டுல உக்காந்திருந்தாலே மண்ணுல இருந்து, காத்துல இருந்து, வானத்துல இருந்து வருஷத்துக்கு சராசரியா 2.4 மில்லிசீவர்ட் வாங்கிட்டுத்தான் இருக்கோம். இப்ப இருக்கற மிஷின்ல ஒழுங்கா பண்ற எம்சியு 1 மில்லிசீவர்ட்டுக்கும் கீழதான் வரும். ஒழுங்கான்னா என்னன்னு கேட்டீங்கன்னா, தொடர்ந்து கதிர் அடிக்காம விட்டு விட்டு அடிக்கற பல்ஸ் மோட்ல வைக்கறது, வேண்டிய இடத்துக்கு மட்டும் ஜன்னல சுருக்கறது, ஸ்கிரீன்ல கடைசியா நின்ன படத்தையே சேவ் பண்ணிக்கறது, அதுக்குன்னு தனியா ஒரு ஷாட் அடிக்காம. போற இடத்துல "பல்ஸ்டு மோட் இருக்குங்களா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டா கோச்சுக்கறாங்கன்னா வேற இடம் பாருங்க.

டை மருந்து பாட்டில டேபிள்ல இருந்து ஒரு மீட்டருக்குள்ள உசரத்துல தொங்க விட்டு அது பாட்டுக்கு இறங்கணும், சிரிஞ்சு வச்சு தம் கட்டி அழுத்தக்கூடாது. உடம்பு சூட்டுக்கு வெதுவெதுப்பா இருந்தா குழந்தை அவ்வளவா துள்ளாது. சின்னக் குழந்தைக்கு ஒரு தடவ ரொப்பி நிறுத்தாம ட்யூப எடுக்காமயே ரெண்டாவது தடவயும் ரொப்புவோம், முதல் தடவ ஏமாத்தற ரிஃப்ளக்ஸ் (மூத்திரம் திரும்பி மேல ஏறறது) ரெண்டாவதுல மாட்டிக்கும். அதனால "ஏன் மறுபடி ஊத்தறாங்க"ன்னு பயந்துக்காதீங்க. போறதுக்கு முன்னாடி யூரின் டெஸ்ட்டு பாத்து கிருமி இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும், முன்னயும் பின்னயுமா மூணு நாளைக்கு ஆன்ட்டிபயாட்டிக் எழுதியிருப்பாங்க, அத மறக்கவே மறக்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல்ல சிணுங்குவான், லேசா சிவப்புகூட தெரியலாம். காய்ச்சல் வந்தா மட்டும் ராத்திரின்னும் பாக்காம ஓடுங்க.

உங்களுக்கு வயித்துல அடுத்த குழந்தை இருக்க வாய்ப்பிருந்தா ரூமுக்குள்ள நீங்க நிக்காதீங்க, வீட்டுக்காரர அனுப்புங்க. பேசாம இருக்கறவருக்கு ஒரு வேலை குடுத்த மாதிரியும் ஆச்சு.

லண்டன்_யாழினி

அக்கா, எங்கட மகளுக்கு நாலு மாசத்தில காய்ச்சல் வந்து பாத்தா மூத்திரக் கிருமி. திரும்ப ஒருக்கா வந்தவுடன இஞ்ச எம்சியு, பிறகு டிஎம்எஸ்ஏ ஸ்கேன் ரெண்டும் எடுத்தவை. அவளுக்கு மூத்திரம் பையில இருந்து கிட்னிக்குத் திரும்பி ஏறுற பிரச்சினை, ரிஃப்ளக்ஸ் கிரேடு 3. அது 1 தொடங்கி 5 வரைக்கும் இருக்கு, 5தான் கூடாதது. எங்களுக்கு அல்ட்ராசவுண்ட்ல ஒண்டுமே தெரியேல்ல தெரியுமோ, கிட்னி ரெண்டும் நல்ல வடிவா இருக்கெண்டுதான் ரிப்போர்ட் வந்தது. எம்சியு எடுக்காட்டி பிடிபட்டே இருக்காது.

டிஎம்எஸ்ஏ எடுக்கிறது கிட்னியில தழும்பு விழுந்திருக்கோ எண்டு பாக்க. காய்ச்சலோட உடன எடுத்தா அப்போதைய வீக்கமும் தழும்பு மாதிரித் தெரியுமாம், அதால நாலு ஆறு மாசம் கழிச்சுத்தான் எடுத்தவை. ஊசி போட்டிட்டு ரெண்டு மூண்டு மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னவை, நாங்கள் பார்க்கில போய் வாத்துக்குச் சாப்பாடு போட்டிட்டு வந்தம்.

ஒண்டு நல்லா ஞாபகம் வச்சிருங்கோ. மூண்டு மாசத்துக்குக் கீழ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா சளியெண்டு நினைச்சு சிரப் குடுக்காதேங்கோ, யூரின் கல்ச்சர் பாக்கச் சொல்லுங்கோ. அதுவும் ஒட்டுற பையில பிடிச்ச யூரினில தோல்ல இருக்கிற கிருமியும் சேந்து வரும், கல்ச்சருக்கு அது சரிவராது. எங்களுக்கு முதல் கல்ச்சர் அப்பிடித்தான் பிழைச்சது.

ரெண்டுதம்பிஅம்மா (மதுரை)

என் மூத்தவன் கதை வேற மாதிரி, ஆனா சொல்லணும்னு தோணுது. ஏழாம் மாசம் ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் வீக்கம், மூத்திரப்பை பெருசா ஊதி நிக்குது, பனிக்குட நீர் வேற கம்மி. ரிப்போர்ட்ல "மூத்திரப்பைக்குக் கீழே அடைப்பு இருக்கலாம்" அப்படின்னு மட்டும் இருந்துச்சு. என்ன அடைப்புன்னு நான் கேக்க கேக்க டாக்டரம்மா பேச்ச மாத்திட்டே போனாங்க, எனக்கு அப்ப செம கோவம். பின்னாடிதான் புரிஞ்சுச்சு, மூத்திரம் வெளிய வர்ற குழாயில ஜவ்வு மாதிரி மறிக்கற அந்த வால்வு அடைப்பு ஆம்பளப் பிள்ளைக்கு மட்டும்தான் வரும், பேரச் சொன்னா ஆணா பொண்ணான்னு சொன்னதாயிடும், 1994 சட்டப்படி அது கூடாது. அவங்களும் என்னதான் பண்ணுவாங்க பாவம்.

பொறந்த அன்னைக்கே ட்யூப் போட்டு மூணாவது நாள் எம்சியு எடுத்தாங்க. படத்துல மூத்திரப்பைக்குக் கீழ இன்னொரு குட்டிப்பை மாதிரி உப்பிட்டு அப்புறம் நூலா வந்துச்சு. கேமரா விட்டு அந்த ஜவ்வ எடுத்து விட்டாங்க. இப்ப ஆறு வயசு, வருஷத்துக்கு ரெண்டு தடவ கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிய ரத்தத்துல கிரியாட்டினின் பாக்கறோம், ஓடிட்டுத்தான் இருக்கு வண்டி.

உங்க பையனுக்கு ஒரு பக்கம்தான், பையும் நார்மல்னு போட்டிருக்கு, அதனால இதா இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா பையனுக்கு எம்சியு கேக்கறாங்கன்னா இதையும் ஒரு தடவ இல்லைன்னு பாத்துக்கறதுக்கும் சேத்துத்தான். ஒண்ணுக்குப் போறப்ப வில்லு மாதிரி பாயுதா, சொட்டுச் சொட்டா வருதான்னு நீங்களே பாருங்க, டயப்பர கழட்டி வச்சுட்டு. நான்லாம் சின்னவனுக்கு வீடியோவே எடுத்து வச்சிருந்தேன், எங்க வீட்டுல சிரிப்பாங்க.

குட்டிசர்ஜன்

நான் குழந்தைகள் அறுவை சிகிச்சைல இருக்கேன். பார்க்காம எந்தக் குழந்தைக்கும் முடிவு சொல்ல முடியாது, பொதுவா சொல்றேன்.

வயித்துல இருக்கும்போதே கிட்னி விரிவு தெரியறது நூறு கர்ப்பத்துல ஒண்ணு ரெண்டுல நடக்கிறதுதான், பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டியதில்ல. நாட்டுமருந்து நண்பர் சொன்னதுல அந்தப் பாதி சரி. மீதிப் பாதிலதான் குழந்தைங்க கிட்னிய இழக்கிறாங்க.

ஸ்கேன்ல எல்லாம் தெரியுதே அப்புறம் எதுக்குன்னு கேட்டீங்க. அல்ட்ராசவுண்ட் கிட்னி பாக்க எப்படி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். விரிஞ்சிருக்கு, சரி, கீழ இறங்க வழியில்லாம தேங்குதா, இல்ல இறங்கினது திரும்பி மேல ஏறுதா? ரெண்டுக்கும் படம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், வைத்தியம் வேற வேற. திரும்பி ஏறுதான்னு எம்சியு சொல்லும். தேங்குதான்னும், கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னும் ஈசி ஸ்கேன் சொல்லும். உங்க ரிப்போர்ட்ல யுரேட்டர் தெரியல, பை நார்மல்ங்கறத வச்சுப் பாத்தா கிட்னிப் பையும் குழாயும் சேர்ற முனையில குறுகலா இருக்கிறதுக்கு, நாங்க பியுஜேன்னு சொல்றதுக்கு, வாய்ப்பு ஜாஸ்தி.

அப்ப எம்சியு இல்லாம நேரா ஈசி போகலாமான்னு கேட்டா, இதுல டாக்டர்களுக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்கு. ஒரு பக்கம் மட்டும்தான், யுரேட்டர் விரியல, இன்ஃபெக்‌ஷன் இல்லன்னா தள்ளிப்போடலாம்னு சொல்றவங்க இருக்காங்க. இந்தியக் குழந்தைகள் நெஃப்ராலஜி சொசைட்டி 2013ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல 10 மில்லிமீட்டருக்கு மேல விரிஞ்சிருந்தா, இல்ல கிரேடு 3, 4 இருந்தா, இல்ல யுரேட்டர் விரிஞ்சிருந்தா எடுக்கச் சொல்றாங்க, வயசு 4ல இருந்து 6 வாரம். உங்க டாக்டர் அதத்தான் பண்ணியிருக்காரு. கமிஷன் கதையெல்லாம் இல்ல. என்கிட்ட வந்திருந்தா நானும் எழுதியிருப்பேன், ஆனா "சார் இதத் தள்ளிப்போட முடியுமா, ஏன் முடியாது"ன்னு நீங்க கேட்டா கோவிச்சுக்க மாட்டேன். கேளுங்க, அது உங்க உரிமை.

ஈசி ஸ்கேனுக்கு 6 முதல் 8 வாரம் தாண்டணும், அதுக்கு முன்னாடி கிட்னியே இன்னும் முழுசா பழகியிருக்காது, கணக்கு தப்பா வரும். கையில ஊசி போட்டு அரை மணி நேரம் கேமராக்குக் கீழ படுக்க வைப்பாங்க, நடுவுல யூரின் நல்லா வர்றதுக்கு லாசிக்ஸ் குடுப்பாங்க. பட்டினி போடாதீங்க, வயிறு ரொம்ப பால் குடுத்து துணியில இறுக்கிச் சுத்தினா பாதிப் பேர் தூங்கிடுவாங்க. டெக்னீசியம்னு ஒரு மருந்து, ஆறு மணி நேரத்துல அதோட கதிர் பாதியாயிடும், அடுத்த நாள் பேருக்குத்தான் இருக்கும். அன்னைக்கு டயப்பர் மாத்தினா கைய நல்லா கழுவிக்கோங்க, வீட்டுல கர்ப்பிணி யாராவது இருந்தா டயப்பர் மாத்துற வேலைய அவங்களுக்குக் குடுக்காதீங்க. தாய்ப்பால் வழக்கம் போல குடுக்கலாம்.

ஒண்ணு கவனிங்க, படுத்த மேனிக்கு எடுக்கிற படத்துல விரிஞ்ச கிட்னிப் பை மெதுவாத்தான் வடியும், உடனே அடைப்புன்னு எழுதிடக்கூடாது. குழந்தைய நிமிர்த்தித் தோள்ல கொஞ்ச நேரம் வச்சுட்டு, ஒண்ணுக்கும் போனப்புறம் இன்னொரு படம் எடுக்கணும். அது எடுத்தாங்களான்னு கேளுங்க. நிறைய பேர் அவசரத்துல விட்டுடுறாங்க.

ஆபரேஷன் வேணுமாங்கறது இந்தப் படத்துக்கு அப்புறம்தான். ரெண்டு கிட்னியும் சேர்ந்து செய்யற வேலையில அந்தக் கிட்னியோட பங்கு 35, 40 சதவீதத்துக்குக் கீழ இருந்தாலோ, அடுத்தடுத்த ஸ்கேன்ல இறங்கிட்டே வந்தாலோ யோசிப்போம். வந்தாலும் பயப்படற ஆபரேஷன் இல்ல, ஆண்டர்சன், ஹைன்ஸ்னு ரெண்டு பேர் 1949ல சொன்ன முறைதான் இன்னிக்கும், குறுகின துண்ட வெட்டி எடுத்துட்டு நல்ல இடமா பாத்துச் சேர்த்துத் தைக்கிறது.

காவேரிக்கரையான்

டாக்டர் சார் சொன்ன அந்த நிமிர்த்தி எடுக்கற படம், நூத்துக்கு நூறு. எங்களுக்கு முதல் தடவ அது எடுக்கல, கம்ப்ளீட் அடைப்புன்னு ரிப்போர்ட், வீடே சாவு வீடு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டாவது இடத்துல எடுத்தப்ப கொஞ்சம் வடிஞ்சிருந்துச்சு. அப்புறம் எட்டு மாசத்துல பங்கு 33க்கு இறங்கி ஆபரேஷன் பண்ணித்தான் ஆச்சு, அது வேற விஷயம். காப்பீட்டு கார்டு இருந்தா எடுத்து வச்சுக்கோங்க சிஸ்டர், எங்களுக்கு ஆபரேஷன் செலவு அதுலதான் போச்சு.

நாட்டுமருந்து_நண்பன்

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். கஷாயம் பெரியவங்களுக்குன்னு வச்சுக்கலாம்.

மல்லிகைப்பந்தல்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாரும் மன்னிக்கணும். உங்க பதிலையெல்லாம் அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன், ரெண்டுதம்பி அம்மா கதையக் கேட்டுட்டு அவங்களே "போயிட்டு வந்துடலாம் கண்ணு"ன்னுட்டாங்க. டாக்டர்கிட்ட தள்ளிப்போட முடியுமான்னு கேட்டேன், கோச்சுக்கல, ஒரு பேப்பர்ல கிட்னி படம் வரைஞ்சு பத்து நிமிஷம் பொறுமையா சொன்னாரு, எடுத்துடலாம்னு எங்களுக்கே தோணிடுச்சு.

வியாழக்கிழமை எம்சியு முடிஞ்சுது. வீட்டுக்காரர்தான் உள்ள நின்னாரு. அழுதான், ஆனா நான் நினைச்ச அளவு இல்ல. ட்யூப் எடுக்கும்போது அந்த டெக்னீசியன் அண்ணன் சட்டையில நேரா அடிச்சு விட்டுட்டான், "பாயுதுங்க நல்லா பாயுது"ன்னு அவரே சிரிச்சாராம். திரும்பி ஏறல, கீழ அடைப்பும் இல்ல. கிருமி வராம இருக்க ராத்திரி குடுத்துட்டிருந்த ஆன்ட்டிபயாட்டிக்க நிறுத்தச் சொல்லிட்டாங்க.

நேத்து ஈசி ஸ்கேன். இடது 46, வலது 54. மெதுவா வடியுதுன்னு போட்டிருக்கு, நிமிர்த்தி எடுத்தாங்களான்னு நானே கேட்டு எடுக்க வச்சேன், அதுல பாதிக்கு மேல வடிஞ்சிருக்காம். இப்போதைக்கு கத்தி வேண்டாம், மூணு மாசத்துல அல்ட்ராசவுண்ட், விரிவு ஏறினா மறுபடி ஈசின்னு சொல்லியிருக்காரு.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன், திங்கக்கிழமை ரெண்டரை மாச தடுப்பூசி இருக்கு. ஈசி ஸ்கேனுக்கு ஊசி போட்டதால அதத் தள்ளிப்போடணுமா?

லெட்ஏப்ரன்

ரொம்ப சந்தோசங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க, திங்கக்கிழமையே போட்டுடுங்க. அந்த சட்டை கேஸ் எங்க எல்லாருக்கும் நடக்கறதுதானுங்க, நான் லாக்கர்ல எப்பவுமே ஒரு சட்டை எக்ஸ்ட்ரா வச்சிருப்பேன்.